ஃபைபர் கம்பெனி கொடுத்த வைஃபை பெட்டி எந்தக் காலத்தது?

300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிற வீடு. போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 40 காட்டுகிறது. கம்பெனியைக் கேட்டால் “எங்கள் பக்கம் லைன் சரியாக இருக்கிறது” என்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். கண்ணாடி இழை வழியாக 300 எம்பிபிஎஸ்ஸும் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேர்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து கையில் இருக்கும் போனுக்கு வருவதற்குள் அது 40 ஆகிவிடுகிறது. ஆனால் அந்தப் பெட்டியைக் கொடுத்ததும் அதே கம்பெனிதான் என்பதை யாரும் பேசுவதில்லை.

மோடம், ரவுட்டர் என்று நாம் மாற்றி மாற்றிச் சொல்லும் அந்தப் பெட்டியை லைன் போட வருகிறவர்கள் ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்பார்கள். அதற்கு இரண்டு வேலைகள். பச்சை முனை வைத்த மெல்லிய வயரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது ஒன்று. அதை வைஃபையாக வீட்டுக்குள் பரப்புவது இன்னொன்று. முதல் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஜிபான் என்ற தொழில்நுட்பம் ஒரே இழையில் வினாடிக்கு 2.488 கிகாபிட் வரை இறக்கும். ஸ்ப்ளிட்டர் வைத்து அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொண்டாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இறக்குவது அபூர்வம் என்பதால், 300 எம்பிபிஎஸ் பிளானுக்குத் தட்டுப்பாடு வருவது குறைவு. பின்தங்குவது இரண்டாவது வேலையில்தான்.

தலைமுறைக் கணக்கு

வைஃபை 4, வைஃபை 5, வைஃபை 6 என்ற எண் பெயர்களை, வைஃபை கருவிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பான வைஃபை அலையன்ஸ் 2018 அக்டோபரில்தான் வைத்தது. அதற்கு முன்பு 802.11என், 802.11ஏசி என்று எழுத்துகளாகவே இருந்தன. பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இன்றும் பெரும்பாலும் அந்த எழுத்துகளைத்தான் பார்க்கலாம்.

வைஃபை 4 என்பது 2009-இல் முடிவான தரம். கம்பெனி கொடுத்த மலிவான பெட்டிகளில் இது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் வேலை செய்கிறது. ‘சிங்கிள் பேண்ட்’ என்று சொல்வது இதைத்தான். பெட்டியின் மேல் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அந்த 300 வர வேண்டுமானால் பெட்டியிலும் போனிலும் தலா இரண்டு ஆன்டெனா வேண்டும், 40 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலும், அதாவது அலைவரிசைக்குள் ஒரு பாதையும், வேண்டும். ஆனால் 2.4-இல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டு வைஃபை இருந்தாலே பெட்டி 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பல போன்கள் 2.4-இல் அதற்கு மேல் போவதே இல்லை. அப்போது இரண்டு ஆன்டெனா உள்ள போனுக்கு 144, ஒரே ஆன்டெனா உள்ள பட்ஜெட் போனுக்கு 72. இதுகூட ‘லிங்க் ஸ்பீடு’தான், அதாவது பெட்டியும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம். யார் எப்போது பேசுவது என்று காத்திருப்பது, கிடைத்ததற்கு ஒப்புகை அனுப்புவது, கெட்டுப்போன பாக்கெட்டைத் திரும்ப அனுப்புவது எல்லாம் இதற்குள்ளேயே நடக்க வேண்டும் என்பதால், கையில் கிடைப்பது இதில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரைதான். 72-இல் அறுபது சதவீதம் என்றால் 43. முதலில் சொன்ன 40 எங்கிருந்து வந்தது என்பதற்கான கணக்கு இதுதான்.

வைஃபை 5, அதாவது 802.11ஏசி, 2013-இல் வந்தது. இது 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும். 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஒரு ஆன்டெனாவுக்கு 433, இரண்டுக்கு 867. அதே பட்ஜெட் போனில் 72 இருந்த இடத்தில் 433 வருகிறது என்றால் ஆறு மடங்கு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும்: வைஃபை பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று வருவதற்கும் மொபைல் 5ஜிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சுருக்கம். இன்னொன்று, வைஃபை 5 பெட்டியிலும் 2.4 அலைவரிசை பழைய வைஃபை 4-தான். படுக்கையறைக்குப் போய் போன் 5-ஐ விட்டு 2.4-க்குத் தாவினால், 2009-ஆம் ஆண்டுத் தொழில்நுட்பத்துக்கே திரும்பிவிடுகிறோம்.

வைஃபை 6, அதாவது 802.11ஏஎக்ஸ், இரண்டு அலைவரிசைகளையும் சேர்த்துப் புதுப்பித்தது. சான்றிதழ் கொடுப்பது 2019 செப்டம்பரில் தொடங்கியது. இரண்டு ஆன்டெனாவும் 80 மெகாஹெர்ட்ஸும் இருந்தால் 1201 எம்பிபிஎஸ். ஆனால் இந்த எண்ணை விட முக்கியமான மாற்றம் வேறு. பழைய வைஃபையில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கருவிக்கே இடம். ஒரே ஒரு சின்ன செய்தி அனுப்ப வேண்டிய பல்புக்குக்கூட முழு ஆட்டோ பிடிக்க வேண்டும். மற்றவர்கள் அது போய் வரும்வரை நிற்க வேண்டும். வைஃபை 6 ஷேர் ஆட்டோ மாதிரி: ஒரே சேனலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே தடவையில் பல கருவிகளுக்கு ஏற்றிக்கொண்டு போகும். டிவி, நான்கு போன், லேப்டாப், கேமரா, பல்பு என்று பத்துப் பதினைந்து கருவிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டில்தான் இதன் அருமை தெரியும். பெட்டிக்கும் கருவிக்கும் இரண்டுக்குமே வைஃபை 6 இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

அதற்கு மேல் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வைஃபை 6இ என்பது அதே வைஃபை 6-ஐ 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோவது. அமெரிக்கா 2020 ஏப்ரலிலேயே அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸுக்கு வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வெளிவந்தன. அதற்கு முன்பு இங்கே மாட்டிய பெட்டிகளில் 6 கிகாஹெர்ட்ஸ் இல்லாததற்கு எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல முடியாது. வைஃபை 7-க்குச் சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் 320 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு 6 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு சாதாரண வீடு இதற்காக இப்போது கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

கம்பெனிப் பெட்டி ஏன் பின்தங்குகிறது

கடைசியில் எல்லாம் கொள்முதலில்தான் வந்து நிற்கிறது. ஒரு நிறுவனம் ஓஎன்டியை லட்சக்கணக்கில் வாங்குகிறது. ஒரு பெட்டிக்கு இருநூறு ரூபாய் கூடினாலே மொத்தத்தில் கோடிகள் ஆகிவிடும். பெட்டி பெரும்பாலும் இலவசமாகவோ டெபாசிட்டுக்கோ போவதால் அந்தச் செலவு மாத வாடகையிலிருந்துதான் தேற வேண்டும். வாங்குவதற்கு முன்பு, தெருமுனைக்கு அப்பால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓஎல்டி என்ற தலைமைக் கருவியோடு அந்தப் பெட்டி ஒத்துப்போகிறதா, தொலைவிலிருந்தே செட்டிங் மாற்ற முடிகிறதா, லேண்ட்லைன் பேசுகிறதா என்று மாதக்கணக்கில் சோதிக்கிறார்கள். அரசின் கட்டாயச் சான்றிதழும் வேண்டும். இதையெல்லாம் தாண்டித் தேர்வான மாடலை அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டார்கள். கடைக்குப் புது ரவுட்டர் வந்து ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் அதே தரம் கம்பெனிப் பெட்டிக்கு வருகிறது என்றால் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. லைனை நிறுத்தியவர்களிடமிருந்து திரும்பி வரும் பெட்டிகளைத் துடைத்து, சோதித்து, அடுத்த வீட்டில் மாட்டுகிறார்கள். புது இணைப்பு என்பதால் புதுப் பெட்டி என்று அர்த்தமில்லை. உள்ளூர் கேபிள்காரர் மூலம் வரும் இணைப்புகளில், அவர் கையிருப்பில் எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். பிஎஸ்என்எல் ஃபைபரில் பல இடங்களில் ஓஎன்டியை வாடிக்கையாளரே காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பதால், விலை குறைந்த சிங்கிள் பேண்ட் பெட்டியை வாங்கிவிட்டு ஐந்து வருடம் அதிலேயே இருப்பவர்கள் நிறையப் பேர்.

ஆகவே “அந்தக் கம்பெனி வைஃபை 6 கொடுக்கிறதா?” என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. புதிதாகத் தொடங்கும் சேவையோடு புதுப் பெட்டி வரும். 2023-இல் வந்த, இழை இல்லாமல் மொபைல் 5ஜி வழியாக வீட்டுக்கு நெட் தரும் 5ஜி ஏர்ஃபைபர் சேவைகள் வைஃபை 6 ரவுட்டரோடுதான் வந்தன. அதே நிறுவனத்தின் பழைய ஃபைபர் வாடிக்கையாளர் வீட்டில் 2019-இல் மாட்டிய பெட்டி அப்படியே இருக்கும். யாரும் தேடி வந்து மாற்றிக் கொடுப்பதில்லை. பிளானை 50-லிருந்து 300-க்கு ஏற்றும்போதுகூட, கேட்டால்தான் மாற்றுகிறார்கள். இது சரியல்ல. பெட்டியால் தர முடியாத வேகத்துக்குப் பணம் வாங்குவதற்கு முன்பு, பெட்டி தாங்காது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு விற்பவருக்கு உண்டு.

சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் வைஃபை 5 பெட்டி வைஃபை 6 ஆகாது. அது ரேடியோ சிப்பில் இருக்கும் விஷயம். டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு மட்டும் சில பெட்டிகளுக்கு அப்டேட்டில் வந்தது.

உங்கள் பெட்டியைக் கண்டுபிடிப்பது

முதலில் ஆன்டெனாவை எண்ணுவதை விடுங்கள். நான்கு கொம்பு வைத்த சிங்கிள் பேண்ட் பெட்டியும் உண்டு, கொம்பே இல்லாத வைஃபை 6 பெட்டியும் உண்டு. போனில் வைஃபை பட்டியலைத் திறந்து உங்கள் வீட்டுப் பெயர் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். பெட்டியின் முன்பக்க விளக்குகளில் 2.4ஜி, 5ஜி என்று தனித்தனியாக இருந்தால் அது டூயல் பேண்ட். ஒரே பெயர், ஒரே வைஃபை விளக்கு என்றால் சிங்கிள் பேண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாகத் தெரிந்துகொள்ள, அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்து இணையத்தில் தேடுங்கள்.

எந்தத் தரத்தில் இணைந்திருக்கிறது என்பதை உங்கள் கருவியே சொல்லும். ஆண்ட்ராய்டில் இணைந்திருக்கும் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் அலைவரிசையும் லிங்க் ஸ்பீடும் வரும். பல போன்களில் மேலே உள்ள வைஃபை குறியிலேயே 5 அல்லது 6 என்று சின்ன எண் தெரியும். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ் என்று போனால் ‘புரோட்டோகால்’ என்ற வரியில் தரம் இருக்கும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைக் கிளிக் செய்ய வேண்டும்.

அடுத்து, பெட்டியிலிருந்து லேன் வயர் போட்டு ஒரு லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், பாதிக் குழப்பம் இங்கேயே தீரும். வயரிலும் 300 வரவில்லை என்றால் வைஃபையை நொந்து பயனில்லை. பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, அடிக்கடி அறுந்து அறுந்து வந்தாலோ, இழையில் ஒளி குறைகிறது என்று பொருள். வருகிற ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம்-க்கும் கீழே போனால் ஜிபான் பெட்டி தாங்காது. லைன்மேன் ‘பவர் லெவல்’ பார்த்து, மடங்கிய வயரையோ அழுக்கான முனையையோ சரிசெய்ய வேண்டும்.

வயரில் சரியாக 94 அல்லது 95 என்று வந்து நின்றால் அது ஒரு தனி அடையாளம். எங்கோ ஒரு இடத்தில் 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது. மலிவான ஓஎன்டிகளில் நான்கு லேன் ஓட்டைகள் இருந்தாலும் ஒன்றே ஒன்று மட்டும் கிகாபிட், மற்றவை 100 என்று இருப்பது வழக்கம். கிகாபிட் போர்ட்டுக்குப் பக்கத்தில் ‘ஜிஇ’ என்று போட்டிருக்கும், மற்றவற்றில் ‘எஃப்இ’. வயரை ஜிஇ-க்கு மாற்றினாலே வேகம் மூன்று மடங்காகலாம். மாற்றியும் 94 என்றால் வயரைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு வயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேட்5இ அல்லது கேட்6 வயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

எது தேவை, எது தேவையில்லை

பிளான் 40 அல்லது 50 எம்பிபிஎஸ், வீட்டில் மூன்று நான்கு போன், அக்கம்பக்கத்தில் நெருக்கம் இல்லை என்றால் சிங்கிள் பேண்டே சமாளிக்கும். 100-ம் அதற்கு மேலும் என்றால் டூயல் பேண்ட் கட்டாயம். சிங்கிள் பேண்டிலிருந்து சாதாரண வைஃபை 5-க்குப் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தாவல். வைஃபை 5-லிருந்து 6-க்குப் போவதில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. கருவிகள் நிறைய இருந்தாலோ பிளான் 500-ஐத் தாண்டினாலோ வைஃபை 6 வாங்கலாம்.

செலவு செய்வதற்கு முன்பு கம்பெனியிடம் கேளுங்கள். “நெட் ஸ்லோவாக இருக்கிறது” என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். “எங்கள் வீட்டில் இருப்பது சிங்கிள் பேண்ட் ஓஎன்டி. பிளான் 300. டூயல் பேண்ட், கிகாபிட் போர்ட் உள்ள ஓஎன்டியாக மாற்றித் தர வேண்டும்” என்று மாடல் எண்ணோடு சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் டெபாசிட் உண்டா, பழையது திரும்ப வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பெட்டி இருக்கும் இடமும் அதே அளவு முக்கியம். வயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ அதன் ஓரத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாசலோரம், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் என்று இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் மிகவும் நலிந்துவிடும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவது அதைவிடக் கஷ்டம். நடு ஹாலில், தோள் உயரத்துக்கு மேல், சுற்றிலும் திறந்த இடத்தில் இருப்பது நல்லது. பெட்டியை நகர்த்த இரு முனையிலும் பச்சைக் கனெக்டர் உள்ள நீண்ட பேட்ச் கார்டு போதும். கடையில் எஸ்சி ஏபிசி என்று கேட்டு வாங்க வேண்டும். நீல முனையுள்ளதைச் செருகினால் ஒளி தேறாது. மூலையில் கூர்மையாக மடக்காதீர்கள்.

சொந்த ரவுட்டர் வைத்தால்

கம்பெனி மாற்றித் தரவில்லை என்றால், ஓஎன்டியை ஒளி மாற்றும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு வைஃபைக்குத் தனி ரவுட்டர் வாங்கலாம். ரவுட்டர் வரும் அட்டைப்பெட்டியின் மேல் உள்ள பெரிய எண் இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிப் போட்டது. ஏசி1200 என்றால் 300-ம் 867-ம். ஏஎக்ஸ்1500 என்றால் 300-ம் 1201-ம். அந்த 300 என்பது பழைய வைஃபை 4. இரண்டு அலைவரிசையிலும் வைஃபை 6 வேண்டுமானால் ஏஎக்ஸ்1800-லிருந்து பாருங்கள்: 574-ம் 1201-ம். ஏஎக்ஸ்3000-இல் உள்ள 2402 கிடைக்க போனிலும் 160 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டும், பல போன்களில் அது இல்லை. ஏசி1200 ரவுட்டர்கள் சிலவற்றில் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ்தான். அதை வாங்கினால் மறுபடியும் 94-இல் வந்து நிற்பீர்கள்.

இணைப்பதில் எளிய வழி இது. ஓஎன்டியின் ஜிஇ போர்ட்டிலிருந்து புது ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டுக்கு வயர் போட்டு, புது ரவுட்டரை வைஃபை பரப்ப மட்டும் செய்யும் ‘அக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுக்கும் வேலையை ஓஎன்டியே செய்யும். பிறகு ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் போன் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். இப்படி மாற்றாமல் ரவுட்டர் முறையிலேயே விட்டால் முகவரி மாற்றம் இரண்டு தடவை நடக்கும். பிரவுசிங் ஓடும், வெளியூரிலிருந்து வீட்டுக் கேமரா பார்ப்பதும் ஆன்லைன் விளையாட்டும் தகராறு செய்யும். இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் எதுவுமே ஓடாமலும் போகலாம். இன்னொரு வழி, ஓஎன்டியை ‘பிரிட்ஜ்’ ஆக்கி, அதாவது ஒளியை மாற்றிக் கடத்த மட்டும் செய்யும்படி ஆக்கித் தரச் சொல்லி, நெட்டில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், கம்பெனி லைனுக்கு ஒதுக்கிய விலேன் (VLAN) எண் ஆகியவற்றைக் கம்பெனியிடம் வாங்கிப் புது ரவுட்டரில் போடுவது. லேண்ட்லைனோ இணையம் வழியாக வரும் டிவியான ஐபிடிவியோ அதே பெட்டியில் ஓடுகிறது என்றால், பிரிட்ஜ் ஆக்கிய பிறகும் அவை வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வையுங்கள். டிவி, கேமரா, பிரிண்டர் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்பில் டபிள்யூபிஏ2-ம் 3-ம் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள்; 3 மட்டும் என்றால் பழைய கருவிகள் நுழையாது. ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை 2.4 மட்டுமே அறிந்தவை. சேர்க்கும்போது அடம்பிடித்தால் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று அணைத்து வைத்துச் சேர்த்துவிட்டு மறுபடி போடலாம். வைஃபை 6 போட்டதும் பழைய லேப்டாப்பில் அந்தப் பெயரே தெரியவில்லை என்றால் ரவுட்டர் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய இன்டெல் வைஃபை டிரைவர்கள் சிலவற்றுக்கு 802.11ஏஎக்ஸ் அறிவிப்பைப் படிக்கத் தெரியாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும்.

மின்வெட்டுக்கு மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் அடாப்டரில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். பழைய பெட்டிக்கு 12 வோல்ட் 1 ஆம்பியர் போதுமாக இருந்திருக்கும். புது ரவுட்டர் 1.5 அல்லது 2 ஆம்பியர் கேட்கலாம். இரண்டு பெட்டிகளையும் ஒரே மினி யூபிஎஸ்ஸில் மாட்டினால், கரண்ட் போகும் நேரத்தில் விளக்கு எரிந்தபடியே பெட்டி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும். இரண்டின் ஆம்பியரையும் கூட்டி அதற்கு மேல் தாங்குவதாக வாங்குங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஓஎன்டியின் பின்னால் உள்ள சின்ன ரீசெட் துளையில் குண்டூசி விடாதீர்கள். தனி ரவுட்டரில் அது நாம் போட்ட செட்டிங்குகளை அழிக்கும், அவற்றை நாமே மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஓஎன்டியில் கம்பெனி போட்டு வைத்த விலேன், பயனர் பெயர், அடையாள எண் எல்லாம் சேர்ந்து அழிந்துபோகலாம். பிறகு லைன்மேன் வந்து மறுபடி ஏற்றும்வரை நெட் இருக்காது. அணைத்துப் போட வேண்டுமானால் பவர் ஸ்விட்சை அணைத்து முப்பது விநாடி விட்டுப் போடுங்கள். பெட்டியை மாற்றித் தந்தால், பழையதை அதன் அடாப்டரோடு சேர்த்துக் கொடுத்து, திரும்பப் பெற்றதற்கு ரசீதோ எஸ்எம்எஸ்ஸோ வாங்கிக்கொள்ளுங்கள். லைனை நிறுத்தும் நாளில் டெபாசிட் கணக்குப் பார்க்கும்போது அது வேண்டியிருக்கும்.